எட்டை விட்டு எண்ணிய ஏஞ்சலின்

ஏஞ்சலின் உப்புத்தாளைக் கட்டைவிரலால் அழுத்தி டேங்கின் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பெயின்ட் போய், அடியிலுள்ள இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பிறகு பழந்துணியால் துடைத்து, பட்டாணி அளவு கிரீஸ் வைத்து, அதன்மேல் சென்சரை உட்கார வைக்க வேண்டும். இருமல் மருந்து மூடி அளவுக்கு ஓர் உலோக வில்லை, அவ்வளவுதான் அந்தச் சென்சர். காந்தப் பிடி அதைத் தகட்டோடு கவ்விக்கொள்ளும். கிரீஸ் குறைந்தால் நடுவில் காற்று நின்று சத்தம் ஏறாது. கூடினால் வில்லை வழுக்கும். சரியான அளவு அவள் ஆள்காட்டி விரலுக்குத் தெரியும்.

அந்த விரலின் இடுக்கில் வெடிப்பு. கிரீஸும் பெயின்டைக் கரைக்கும் தின்னரும் ஒத்துக்கொள்ளாமல் வந்தது. களிம்பு தடவி நாலு நாள் கையைச் சும்மா வைத்திருந்தால் ஆறிவிடும். நாலு நாள் சும்மா வைக்கத்தான் வழியில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே காஸ்டிக் திரவம் ஊற்றி வைக்கிற டேங்க், இரண்டு மாடி உயரம். வருடக்கணக்கில் நின்ற டேங்கின் தகட்டில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏஞ்சலின் வேலை செய்யும் டெஸ்டிங் கம்பெனியின் தொழில். பார்ப்பது என்று சொன்னாலும் அதைக் காதால் செய்கிறார்கள். டேங்கைக் காலி செய்து, கழுவி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பாரம் ஏற ஏற, விரிசல் இருக்கிற இடத்தில் இரும்பு முனகும். மனிதக் காதுக்கு அது கேட்காது. சுற்றிலும் ஒட்டிய பன்னிரண்டு சென்சர்களுக்குக் கேட்கும். எந்தச் சென்சருக்கு முதலில் கேட்டது, அடுத்ததற்கு எவ்வளவு தாமதமாகக் கேட்டது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, சத்தம் கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளி வைக்கும்.

ஏஞ்சலினுக்கு நாற்பத்தாறு வயது. ஆரணிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தாள். அப்பனும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் இவள் ஒயர் கம்பெனியில் சேர்ந்தாள், அங்கிருந்து பிஸ்கட் பேக்கிங். தானியேலைக் கட்டிக்கொண்டு ரெட்டம்பேடு சாலையில் லைன் வீட்டுக்கு வந்தாள். தானியேல் ரோலிங் மில்லில் இருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுடைய இடது கையில் மூன்று விரல்களை மில் எடுத்துக்கொண்டது. காயம் ஆறி அவன் ஒரு குடோனில் செக்யூரிட்டியாகச் சேர்வதற்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தில்தான் ஏஞ்சலின் ஹெல்பராக இந்தக் கம்பெனிக்குள் வந்தாள். மகள் மோனிகா வளர்ந்து செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். ஏஞ்சலின் இன்னமும் ஹெல்பர்தான்.

அவளை வேலைக்குப் பழக்கியவர் துளசிராமன் என்கிற சீனியர் டெக்னீஷியன். பங்குனியில் ஓய்வு பெற்று, திருநின்றவூரில் மகனுடைய பிளாட்டில் இருக்கிறார். கெட்டிக்கார மனுஷன், ஆனால் எட்டு என்ற எண் அவருக்கு ஆகாது. நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிற வண்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து அவர் வேலை செய்யும் டேங்கில் எட்டு கிடையாது. சென்சர் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எண் போடும்போது ஏழுக்கு அடுத்தது ஒன்பது. பன்னிரண்டு சென்சர் ஒட்டினால் கடைசி எண் பதின்மூன்று. சோதனையின்போதும் எண்ணைச் சொல்லமாட்டார். "அடுத்தது, அடுத்தது" என்பார். அதனால் ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. விரிசல் தெரிந்தால் அவரே நடந்து போய்த் தகட்டில் கை வைத்துக் காட்டிவிடுவார்.

ஏஞ்சலினுக்கு எட்டின் மேல் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். ஆனால் பதினோரு வருடம் அவர் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். அன்று காலையும் கீழ் வரிசையில் ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதினாள். சாரத்தில் ஏறி மேல் வரிசையில் ஏழு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எழுதினாள். கை எழுதியது. அவள் இடுப்பு வலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

துளசிராமன் இடத்துக்கு வந்த இன்ஜினியர் சரவணகுமார். முப்பது வயதிருக்கும். வாரத்துக்கு மூன்று ஊரில் வேலை, கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுப்பு. கம்ப்யூட்டரை நிழலில் வைத்துக்கொண்டு வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"ஏஞ்சலின்க்கா, ஆரம்பிக்கலாமா?"

"ம். ஒடிக்கிறேன் சார்."

சென்சர் கேட்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மைக்ரோ பென்சிலின் முனையைத் தகட்டில் சாய்த்து ஒடிக்க வேண்டும். அந்தச் சின்ன 'டிக்' விரிசல் போடும் சத்தத்துக்கு ஏறக்குறைய ஒப்பு. அவள் ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டு போனாள். அவன் "ஓகே, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டு வந்தான். பன்னிரண்டும் பேசின.

துளசிராமன் போன பிறகு இது நாலாவது டேங்க். முதல் மூன்றிலும் விரிசல் இல்லை.

தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பக்கத்துப் பம்புகளை நிறுத்தச் சொன்னார்கள். டேங்கின் கூரையில் காக்கா நடந்தாலும் திரையில் புள்ளி விழும். ஆகவே கையில் ஒரு கொம்பை வைத்துக்கொண்டு வெயிலில் காக்கா பார்ப்பதும் ஏஞ்சலின் வேலை. மூன்று மணிக்கு, தண்ணீர் முக்கால் டேங்கைத் தாண்டியதும், சரவணகுமார் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். டேங்கைப் பாய் மாதிரி விரித்துவைத்த படம். மேல் வரிசையில் மூன்றாவது சென்சருக்கும் நாலாவதற்கும் நடுவே புள்ளிகள் எறும்பு மொய்த்தது போல் கூடியிருந்தன.

"வாகா மாட்டியிருக்கு," என்றான். "பென்னிண்ணன வரச் சொல்லுங்க."

பென்னி தினக்கூலி ஆள். வயது ஐம்பத்து நாலு, சர்க்கரை, இடது குதிகாலில் ஆறு மாதமாக ஆறாத புண். அதை மறைக்க வெயிலிலும் ஷூ போடுவான், அதனாலேயே அது ஆறவில்லை. சந்தேகப்பட்ட இடத்தில் பெயின்டைத் தேய்த்தெடுத்து, சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்ப்பது அவன் வேலை. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு, வெள்ளையின் மேல் கோடாகக் கசியும். சரவணகுமார் ஒரு துண்டுத்தாளில் 'ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே, பத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெயில் தாங்காமல் ஆபீஸ் அறைக்குப் போனான். ஏஞ்சலின் சென்சர்களைக் கழற்றி, கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

ஐந்தரைக்கு வேனில் ஏறியபோது பென்னி கையை உதறிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் கெடையாது," என்றான். "பேஜாரு. நாப்பது சென்டிமீட்டர்ல ஒண்ணும் இல்லன்னு ஒம்பதுலேர்ந்து பத்து வரிக்கும் முழுசா தேச்சிட்டேன். கை மரத்துப் போச்சி. வெறும் தகடு, ஒரு வெல்டிங் கூட கெடையாது அங்க."

"பைப் ஆடி உரசியிருக்கும்," என்றான் முன் சீட்டிலிருந்து சரவணகுமார். "அந்தச் சத்தமாத்தான் இருக்கும். அப்படித்தான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு காஸ்டிக் லாரி வருது, ரொப்பிக்கட்டும்."

பைப் என்றதும் ஏஞ்சலினுக்கு அந்த இடம் கண்முன் வந்தது. குழாயைத் தாங்குகிற இரும்புக் கொக்கியை டேங்கின் மேல் பற்றவைத்திருக்கிறார்கள். திரையில் புள்ளி கூடியது அந்தக் கொக்கிக்குக் கீழேதான். அந்தக் கொக்கிக்கு இந்தப் பக்கம் தன் கையால் எழுதிய எண் பத்து, அந்தப் பக்கம் பதினொன்று.

கம்ப்யூட்டருக்கு ஒன்பது என்பது டேங்கில் பத்து. பென்னி ஓர் இடம் தள்ளித் தேய்த்திருக்கிறான்.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சரவணகுமார் பின்னால் திரும்பினான்.

"அக்கா, உங்க எக்ஸாம் லெட்டர் ரெடி பண்ணிட்டேன். நாளைக்கு மத்தியானம் ஆபீஸுக்கு அனுப்பறேன். பதினோரு வருஷத்துல ஒரு தப்பு கூட இல்லன்னு எழுதியிருக்கேன். அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்க முடியாது."

அது டெக்னீஷியன் பரீட்சைக்கான சிபாரிசுக் கடிதம். வருடத்துக்கு ஒருவருக்குத்தான் கம்பெனி பணம் கட்டி அனுப்பும். பாஸானால் வெயிலில் கொம்பு பிடிக்க வேண்டியதில்லை, நிழலில் உட்கார்ந்து திரை பார்க்கலாம். மூன்று வருடமாக அவள் பெயர் பட்டியலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சரிங்க சார்," என்றாள். பைபாஸில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

தானியேல் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, இரண்டு விரல் உள்ள கையால் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்து, "இன்னா, காக்கா ஜெயிச்சிடுச்சா?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்த டேங்குக்கு கீழ யாரு இருக்கா?"

"பேக்கிங் பொம்பளைங்க. நெழலுன்னு அங்கதான் குந்தி நாஷ்டா துன்றாங்க."

மில்காரனுக்கு இரும்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காஸ்டிக் பட்ட தோல் எப்படிப் போகும் என்பதும் சிப்காட்டில் எல்லோருக்கும் தெரியும். சுட்ட காயமாவது முதலிலேயே எரியும். இது சோப்புத் தண்ணீர் பட்டதுபோல வழவழவென்று ஆரம்பித்து, கழுவுவதற்குள் ஆழத்துக்குப் போய்விடும்.

அவள் துளசிராமனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாம்மா ஏஞ்சலின், உயிரோட கீறியா?" என்றார். பின்னால் டிவி ஓடியது. விஷயத்தைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்தார். "அந்தப் புள்ளாண்டான் போய் இடத்தப் பாக்கலியா?"

"பாக்கல சார். வெயிலு."

"சரி, ஒண்ணு சொல்றேன் கேளு. காலைல எல்லாருக்கும் முன்ன போயிடு. கிட் பொட்டில தின்னர் கீதில்ல? மேல் வரிசை நம்பரெல்லாம் தொடச்சிட்டு ஒழுங்கா ஏழு, எட்டுன்னு எழுதிடு. அப்புறம் அந்த இன்ஜினியர்கிட்ட, 'பென்னி தப்பான எடத்துல தேச்சிட்டாப்ல கீது, வந்து பாருங்க'ன்னு சொல்லு. விரிசலும் கெடிச்சிடும், உன் லெட்டரும் ஆபீஸுக்குப் போயிடும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"பென்னிண்ணனுக்கு?"

"அவனுக்கு இன்னா, தினக்கூலிதான. இங்க இல்லாங்காட்டி இன்னொரு எடம்."

"எட்டு எழுதச் சொல்றீங்களே சார். உங்களுக்கு ஆவாதே."

"ரிட்டயர் ஆயிட்டேம்மா," என்றார் துளசிராமன். "இப்ப எழுதிக்கலாம்."

சொல்லி லேசாகச் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. பதினோரு வருடம் அவளைத் திட்டாமல் வேலை வாங்கியவர், அவள் நல்லதைத்தான் நினைத்தார். அதனால்தான் மறுக்கக் கஷ்டமாக இருந்தது. தானியேல் பரிமாறினான். அவள் பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். உடம்பு அவ்வளவு களைத்திருந்தால் மனசாட்சி விழித்திருக்க முடியாது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். செக்யூரிட்டி அவளைப் பார்த்துத் தலையசைத்து உள்ளே விட்டான். முந்தின நாள் அங்கேயே விட்டுப்போன கிட் பெட்டியைத் திறந்து தின்னர் டப்பாவையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாள். மேல் வரிசை எண்கள் அவள் கையெழுத்தில் வெள்ளையாக நின்றன. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே பென்னி தேய்த்த இடம் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் இரும்பாக இருந்தது. இரண்டு மீட்டர் நீளம். ஆறாத குதிகாலோடு நின்று தேய்த்தது. வேறு யாராவது என்றால் துண்டுத்தாளில் சொன்ன நாற்பது சென்டிமீட்டரோடு விட்டிருப்பார்கள்.

துணியில் தின்னரை ஊற்றினாள். வெடிப்பில் பட்டுச் சுரீர் என்றது. எண்ணில் துணியை வைக்கவில்லை. பக்கத்தில் பதினொன்றின் அருகே கொக்கிக்குக் கீழே படிந்திருந்த புழுதியையும் கிரீஸையும் அந்தத் துணியால் துடைத்தெடுத்தாள். பிறகு இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழரைக்கு வேன் வந்தது. சரவணகுமார் கையில் டீ டம்ளரோடு வந்தான்.

"சார், நேத்து தேச்ச எடம் தப்பு," என்றாள். "தப்பு என்னுது. நம்பர் போடறப்ப எட்ட உட்டுட்டேன். உங்க ஒம்பது டேங்குல பத்து."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சாரத்தில் ஏற்றிக் காட்டினாள். அவன் ஏழு, ஒன்பது, பத்து என்று விரலால் எண்ணினான், பதின்மூன்று வரை போனான், மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"ஏன்க்கா எட்டு இல்ல?"

"துளசிராமன் சார் பழக்கம். எனக்கும் கை அப்டியே போயிடுச்சி."

அவன் டீயைக் குடிக்காமல் சாரத்தின் பலகையில் வைத்தான். "திரும்ப தண்ணி ஏத்திக் கேட்டுப் பாத்துடலாமா?"

"ஏத்தினா பேசாது சார். உங்களுக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியும்தான், பதற்றத்தில் கேட்டுவிட்டான். இரும்புக்கு அப்படியொரு குணம். ஒருமுறை தாங்கிய பாரத்தை மறுபடி ஏற்றினால் முனகாது. அதற்கு மேல் ஏற்றினால்தான் வாய் திறக்கும். நாள்பட்ட நோயாளிகளும் இப்படித்தான். முதல் தடவை புரட்டும்போது கத்துவார்கள், மறுமுறை சும்மா கிடப்பார்கள். வலி போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்று மறுபடி கேட்டிருந்தால் டேங்க் சுத்தம் என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்.

பென்னியைக் கூப்பிட்டார்கள். அவன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே பார்த்தான், பிறகு ஏஞ்சலினைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலமே தெரியுமா ஒனக்கு?"

"வேன்லயே தெரியும்ண்ணா."

"தெரிஞ்சிக்கினுதான் கம்முனு எறங்கிப் போனியா? நல்லாருக்குது ஞாயம்."

பென்னி தேய்த்தான், சிவப்புப் பூசினான், காத்திருந்து துடைத்தான், வெள்ளை அடித்தான். மூவரும் நின்று பார்த்தார்கள். சில நிமிடங்களில் கொக்கியின் வெல்டிங் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஊறியது. முதலில் நூல் போல, பிறகு தடித்து, ஒரு விரல் நீளம், அப்புறம் இன்னும் அரை விரல்.

சரவணகுமார் போட்டோ எடுத்தான். கெமிக்கல் கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்து லாரியை உள்ளே விட வேண்டாம் என்றான். டேங்கைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட் தாளை எடுத்தான்.

"மார்க்கிங் மாறிப்போச்சுன்னு மட்டும் எழுதறேன்க்கா. பேர் வேணாம். லெட்டரும் ஆபீஸுக்குப் போயிடட்டும்."

"பேரு இல்லாங்காட்டி பென்னிண்ணன கேப்பாங்க சார். தேச்சது அவருன்னு அவங்களுக்குத் தெரியும். எழுதிடுங்க."

"எழுதினா இந்த வருஷம் லெட்டர் போகாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நானும் போய்ப் பாத்திருக்கணும்," என்றான் அவன். அதையும் ஒரு வரியாக எழுதினான். அவள் பெயரை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினான். அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை அவன் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்றினால் போதாது. ஒரு தப்பு கூட இல்லை என்கிற வரியையும் எடுக்க வேண்டியிருக்கும்.

பேக்கிங் பெண்கள் டிபன் டப்பாக்களோடு வந்து, கயிற்றைப் பார்த்து நின்றார்கள். "இங்க இன்னா, எங்க எடத்துல கயிறு கட்டிக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி. ஏஞ்சலின், டேங்க் ரிப்பேர், வேப்பமரத்தடிக்குப் போங்கள் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

பதினோரு மணிக்கு காஸ்டிக் லாரி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. டிரைவர் இறங்கி யாரையோ திட்டினான். உள்ளே, இரவு இறக்கியது போக டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சலின் பென்னியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஷூவ கழட்டுண்ணா" என்றாள். அவன் முறைத்தான், பிறகு கழற்றினான். அவள் பாட்டில் தண்ணீரால் அவன் புண்ணைக் கழுவி, கிட்டிலிருந்து சுத்தமான துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, மதியம் ஆரம்பிக்க வேண்டிய அடுத்த டேங்குக்கு உப்புத்தாளை எண்ணி எடுத்து வைத்தாள்.